வெயில் அடித்தால் தண்ணீர் வரும் ஊர்

மோட்டார் கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் வரை, சுற்றுச் சூடு 40 டிகிரி வரை. அதற்கு மேலே கொண்டுபோனால் தகட்டில் போட்டிருக்கிற ஹெச்.பி.யை முழுசாக எதிர்பார்க்காதே என்று அர்த்தம். மலை மேலே காற்று லேசு. லேசான காற்று காயிலைக் குளிர வைக்காது. செக்கானூரணியில் முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன், அந்த வரியை ஒருநாளும் நின்று படித்ததில்லை. கொடைக்கானலிலிருந்து வருஷத்துக்கு ரெண்டு மோட்டார் கடைக்கு வந்தால் பெரிசு.

போன செப்டம்பரில் 4,000 மீட்டருக்கு மேலே ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. தகட்டில் எனக்குப் போட்டிருந்த ஹெச்.பி. அங்கே பாதிகூட இல்லை.

போனது ஸ்பிதி. இமாசலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டி, லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் இருக்கிற பள்ளத்தாக்கு. ஸ்பிதி என்றால் நடு நாடு என்று பொருளாம், இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் திபெத். அந்த மாவட்டம் பரப்பில் நம் மதுரை மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் அங்கே மொத்தம் 31,564 பேர். மதுரை மாவட்டத்தில் 30 லட்சத்து 38 ஆயிரம். சதுர கிலோமீட்டருக்கு அங்கே ரெண்டு ஆள். நம் ஊரில் ஒரு டீக்கடை பெஞ்சில் அதைவிடக் கூட்டம் இருக்கும்.

கூட்டிக்கொண்டு போனது மாப்ள. வீட்டுக்காரியின் தம்பி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், லே பக்கம் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ரெண்டு பேரும் கீழக்குயில்குடி சமணர் மலை ஏறுவது வழக்கம். அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு, தாமரைக் குளத்தை ஒட்டிப் படியேறி, பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு உச்சிப் பாறைக்குப் போய் உட்கார்ந்தால், அந்தப் பக்கம் நாகமலை பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்தான் வாயைக் கொடுத்தேன். "லடாக் போவமாய்யா?"

"லடாக்குக்கு ஃப்ளைட்ல போனா ஒரே தூக்கா 3,500 மீட்டர்ல இறக்கி விட்ருவான் மச்சான். உங்க உடம்புக்கு அது ஆகாது. ஸ்பிதி போவோம். கின்னோர் பக்கமா சுத்தி, படிப்படியா ஏறலாம்."

"என் உடம்புக்கு என்னய்யா? இந்தா, ஒரே மூச்சில ஏறி வந்து உக்காந்துருக்கேன்."

"இது மலையா மச்சான்? திண்ணை."

அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

மதுரையிலிருந்தே சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது. ரெண்டு நாள் ரயில், அங்கிருந்து சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ என்று பஸ். வழியில் ஒரு ஏஜென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு மூடிக் கிடக்கிற ஒரு லாட்ஜுக்கு எங்களை அனுப்பிய கதையை இங்கே எழுதினால் கோபத்தில் ரெண்டு பக்கம் போகும், விட்டுவிடுகிறேன். கின்னோரின் ரெக்காங் பியோவில் ரெண்டு ராத்திரி. 2,300 மீட்டர் உயரம், ஆப்பிள் காய்த்துத் தொங்குகிறது, எதிரே கின்னர் கைலாசம். அதுவரைக்கும் பச்சை.

பச்சை முடிகிற இடம் காப். சட்லஜும் ஸ்பிதி ஆறும் சேருகிற இடம். பாலத்தில் நின்றால் ரெண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடுவது தெரியும். அதற்கு மேலே சரிவுகளில் மரம் என்று எதுவும் இல்லை. மலை முழுக்க மண்ணும் உடைந்த கல்லும். காவி, சாம்பல், ஊதா, சில இடத்தில் மஞ்சள். யாரோ லோடு லோடாக ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி சரிவு, அதன் குறுக்கே ஒரு கோடு, அதுதான் ரோடு.

தெற்கிலிருந்து வருகிற பருவமழை மேகத்தைப் பீர் பஞ்சாலும் பெரிய இமயமும் மாறி மாறித் தடுத்துக் கறந்துவிடுகின்றன. இந்தப் பக்கம் வந்து சேருவது காய்ந்த காற்று. இது நமக்குத் தெரியாத சங்கதியா? ஆனி ஆடியில் கேரளாவில் கொட்டித் தீர்க்கும், கம்பத்தில் சாரல் அடிக்கும், தேனி தாண்டி உசிலம்பட்டிக்கு வரும்போது வெறும் காற்று, செக்கானூரணியில் வெறும் புழுதி. நமக்கு மேற்கு மழை ஏமாற்றினாலும் ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருகிறது, எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் தேறும். அவர்களுக்கும் அப்படி ஒரு ரெண்டாவது வழி இருக்கிறது. குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வருகிற காற்று பனியைக் கொட்டிவிட்டுப் போகும். நம்மைப் போலவே அவர்களும் பெரிய பருவமழை கைவிட்ட ஆட்கள். இதை பஸ்ஸில் மாப்ளயிடம் சொன்னேன். தூங்கிவிட்டிருந்தான்.

நாக்கோவில் ஒரு ராத்திரி. மறுநாள் தாபோ போகிற வழியில் மல்லிங் நாலா என்று எப்போதும் சரிந்துகொண்டிருக்கிற ஒரு சரிவைத் தாண்டினோம், டிரைவர் மேலே பார்த்துக்கொண்டே ஓட்டினார், நான் கீழே பார்க்கவில்லை.

தாபோ மடம் கட்டியது 996இல். மண் கட்டடம். வெளியே பார்த்தால் நம் பக்கம் கிராமத்துக் குதிர்களை வரிசையாக வைத்த மாதிரி இருக்கும், உள்ளே இருட்டில் சுவர் முழுக்க ஆயிரம் வருஷத்துச் சித்திரம். மழை இல்லாததால்தான் மண் நின்றிருக்கிறது. நம் ஊரில் ஒரு ஐப்பசி தாங்காது.

மாப்ள தாபோவில் ரெண்டு ராத்திரி தங்கவேண்டும் என்றான். 3,280 மீட்டர், உடம்பு பழக நல்ல உயரம். "3,000க்கு மேலே போனா, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல கூட்டக்கூடாது மச்சான்" என்பது அவன் பட்டாளத்துக் கணக்கு. எனக்கோ சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லை. தலைவலி இல்லை, மூச்சு முட்டவில்லை, எதற்கு ஒரு நாள் தண்டம்? பிடிவாதம் பிடித்து மறுநாள் காலையிலேயே தங்கருக்குக் கிளப்பிவிட்டேன்.

தங்கரைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் புத்தி பிசகும். ஸ்பிதி ஆறும் பின் ஆறும் சேருகிற இடத்துக்கு மேலே, கரையான் புற்று மாதிரி கூம்பு கூம்பாக நிற்கிற மண் செங்குத்தின் விளிம்பில், ஒரு மடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய காலத்தில் ஸ்பிதிக்குத் தலைநகரம் அதுதான். ஊர் 3,890 மீட்டரில். ஊருக்கு மேலே ஏறினால் ஒரு ஏரி, 4,140 மீட்டர். பையை வைத்த கையோடு, ஏரிக்குப் போவோம் என்று நான் முன்னால் நடந்துவிட்டேன்.

பாதை ஒன்றும் கஷ்டமில்லை. சமணர் மலைப் படியைவிடச் சாய்வு குறைவு. அதனால் சமணர் மலையில் ஏறுகிற வேகத்தில் ஏறினேன். ஐம்பது அடி வைத்திருப்பேன், நெஞ்சு தொண்டைக்குள் வந்து அடித்தது. நின்றேன். சரியானது. மறுபடி நாற்பது அடி. நின்றேன். பின்னால் மாப்ள ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று மாட்டுவண்டி வேகத்தில், நிற்காமல் வந்துகொண்டே இருந்தான். வாயைத் திறக்கவில்லை அவன், மூக்காலேயே மூச்சு விட்டான். எனக்கு முன்னாடியே ஏரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஏரி பெரிசெல்லாம் இல்லை, நம் ஊர் ஊருணி அளவுதான். ஆனால் அந்தக் காவி மலைக்கு நடுவே அவ்வளவு நீலமாக ஒரு தண்ணீரைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. அரைமணி நேரம் உட்கார்ந்தோம். எந்தச் சத்தமும் இல்லை. குருவி இல்லை, பூச்சி இல்லை, இலை இருந்தால்தானே அசைய. பகல் ஒரு மணிக்கு மேலே காற்று எழும்பியது. அது அங்கே தினப்படி நடப்பது. காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்க, மத்தியானம் பள்ளத்தாக்கு நெடுக மேல்நோக்கிக் காற்று கிளம்பும், மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கும். நடக்க வேண்டியது, ஏற வேண்டியது எல்லாவற்றையும் காலையில் முடித்துவிட வேண்டும் என்பதை அன்றைக்குக் கண்ணில் மண் விழுந்து தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் பின்மண்டையில் ஆரம்பித்தது. முதலில் சூடு ஏறின மாதிரி, அப்புறம் யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி. சோற்றைப் பார்த்ததும் குமட்டல். எட்டு மணிக்கு ரெண்டு தடவை வாந்தி. உயரத்தில் வருகிற இந்தத் தொல்லைக்கு என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொண்டுபோன அசெட்டசோலமைடு மாத்திரை பையில் பத்திரமாக இருந்தது. அடிக்கடி ஒண்ணுக்கு வரும் என்று சொன்னதால், பஸ் பயணத்துக்குப் பயந்து நான் போடாமல் விட்டிருந்தேன்.

மாப்ள தரையில் டார்ச் அடித்தான். "இந்தப் பலகை இடுக்கு தெரியுதா? அது மேலேயே குதிங்கால்ல பெருவிரல் இடிக்கிற மாதிரி நடங்க."

"எதுக்குய்யா, போலீஸ்காரன் மாதிரி?"

"நடங்க மச்சான்."

நடந்தேன். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்று அர்த்தமாம். நான் நேராகத்தான் நடந்தேன். "கோடு நேராத்தான் போகுது. ஆனாலும் கீழ இறங்கணும், இப்பவே." வீட்டுக்காரரிடம் இந்தியில் பேசி, அவருடைய பிக்கப்பில் என்னை முன்னால் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகத் தாபோவுக்கே இறக்கிவிட்டான். அறுநூறு மீட்டர் கீழே. அவ்வளவுதான் மருந்து. விடிந்து பார்த்தால் வெறும் தலைக்கனம்தான் மிச்சம், மத்தியானம் பசித்தது. அவன் கேட்ட ரெண்டாவது நாளைத் தாபோவில் சேர்த்துக் கழித்தேன், வட்டியாக இன்னொரு நாளும். அவன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

காஜாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்பிதிக்கு அதுதான் டவுன், ஏ.டி.எம்., ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் எல்லாம் அங்கேதான். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே கிராமங்களில் போனில் ஸ்கேன் பண்ணிக் கொடுப்பதை நம்பாதீர்கள். உதட்டுக்கு வாசலின் வேண்டும், மூக்கு உள்ளே காய்ந்து ரத்தம் வரும். வெயில் குளிராக இருக்கிறதே என்று ஏமாந்து தொப்பி இல்லாமல் போனால் மூக்குத் தோல் உரியும், எனக்கு உரிந்தது. தாகம் எடுக்காவிட்டாலும் மூன்று நாலு லிட்டர் குடித்தாக வேண்டும். அரிசி சாதாப் பாத்திரத்தில் வேகாது. மேலே கிராமங்களின் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி பக்கமே கொதித்துவிடுகிறது, குக்கர் இருந்தால்தான் சோறு. வீட்டுக்காரி கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சலை அரைவேக்காட்டுச் சோற்றில் பிசைந்து தின்றது ஒரு தனி அனுபவம்.

நான் சொல்ல வந்தது லாங்சா.

காஜாவுக்கு மேலே 4,400 மீட்டரில் ஊர். பத்து முப்பது மண் வீடு, ஊருக்கு மேலே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பெரிய புத்தர், பின்னால் 6,303 மீட்டரில் சௌ சௌ காங் நில்தா சிகரம். இந்தத் தடவை ஒழுங்காக மாத்திரை போட்டு, மாப்ள சொன்ன வேகத்தில் நடந்தேன். லாங்சாவில் ஒரு வீட்டில் தங்கி, அங்கிருந்து ஹிக்கிம், கோமிக் என்று ஒரு நாள் முழுக்க நடை. ஹிக்கிமில் 1983இலிருந்து நடக்கிற தபாலாபீஸ், எல்லாரையும் போல நானும் கார்டு போட்டேன். கோமிக்கில் 4,587 மீட்டர் என்று பலகை. வழியெல்லாம் அறுத்த பார்லியை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். தூரத்துச் சரிவில் கல் நகர்கிறதே என்று பார்த்தால் நீலச்செம்மறி, இருபது முப்பது இருக்கும். பனிச்சிறுத்தை பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரி மார்ச்சில் கிப்பர் என்கிற ஊருக்கு வர வேண்டும், இரை கீழே இறங்கும்போது அதுவும் இறங்கும் என்றான் மாப்ள. பிப்ரவரியில் அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டேன். "உங்களுக்கு வேண்டாம் மச்சான்" என்றான்.

லாங்சா ஓடையில் ஒரு பையன் கறுப்பு உருண்டைக் கல்லை உடைத்து நீட்டினான். உள்ளே ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருள். அம்மோனைட். கடல் பிராணி. இமயம் எழும்புவதற்கு முன்னால் அங்கே இருந்த டெதிஸ் கடலின் அடிச்சேறுதான் இன்றைக்கு 4,400 மீட்டரில் நிற்கிறது. நம் அரியலூர் பக்கம் கிடைப்பதும் இந்த அம்மோனைட்தான். ஐயங்கார் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் என்று வைத்திருப்பதும் இதே வகையறா, அது நேபாளத்து கண்டகி ஆற்றிலிருந்து வருவது. பையன் விலை சொன்னான். வாங்கவில்லை. கல்லை எடுத்துப் போகக்கூடாது என்று சொல்கிறார்கள் என்பது ஒரு காரணம், மாப்ள பார்த்துக்கொண்டிருந்தான் என்பது இன்னொன்று.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஏடு. பக்கத்தில் ரெண்டு சாண் அகலத்தில் ஒரு வாய்க்கால், மேலே பனிமலைப் பக்கமிருந்து சரிவை ஒட்டி வளைந்து வளைந்து வருகிறது. கூல் என்கிறார்கள். அதில் தண்ணீர் நூலாக ஓடியது. செப்டம்பர் ஆகிவிட்டது, தண்ணீர் வற்றிவிட்டது போல என்று நினைத்தேன். நமக்குத் தெரிந்தது அதுதானே. வெயில் ஏற ஏறத் தண்ணீர் குறையும். சித்திரையில் கண்மாய் வெடிக்கும்.

பதினொரு மணிக்கு நூல் கயிறானது. ரெண்டு மணிக்குக் கால் நனைகிற அளவு வந்தது. நாலு மணிக்கு வாய்க்கால் கரை தட்டிக்கொண்டு, கலங்கலாக, சத்தத்தோடு ஓடியது. வெயில் அடிக்க அடிக்க மேலே பனி உருகுகிறது, உருகினது இறங்கி வந்து சேர மத்தியானம் ஆகிவிடுகிறது. ராத்திரி உறைகிறது, காலையில் மறுபடி நூல். மூட்டம் போட்ட நாளில் தண்ணீர் வராது என்றார் வீட்டுக்காரம்மா. நான் மாப்ளயை ரெண்டாவது தடவை மொழிபெயர்க்கச் சொன்னேன். மேகம் வந்தால் தண்ணீர் வராது, வெயில் அடித்தால் வரும். ஐம்பத்திரண்டு வருஷம் வானத்தைப் பார்த்து மேகத்துக்கு ஏங்கின ஆளுக்கு இது தலையில் ஏற நேரம் ஆனது.

நடக்கிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்றான் மாப்ள. ஓடையைக் கடப்பதாக இருந்தால் காலையில் கடந்துவிட வேண்டும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடின ஓடை சாயங்காலம் ஜீப்பைப் புரட்டும்.

வீட்டுக்காரம்மா மண்வெட்டியோடு வந்தார். வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு தட்டைக் கல், அதைச் சுற்றிப் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி, இடுக்கில் பழைய சாக்கு. கல்லை நகர்த்தி, மண்கட்டியை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைத்து மிதித்து, சாக்கைத் திணித்தார். தண்ணீர் திரும்பியது. எங்கள் கண்மாயில் தண்ணீர் பங்கிடுகிற ஆள், நீர்க்கட்டி, மடையை மாற்றிவிடுவதை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது, சாக்கு உட்பட. ராத்திரி வருகிற சொட்டுத் தண்ணீரை வீணாக்காமல் ஒரு வட்டக் குளத்தில் பிடித்து வைத்துப் பகலில் வயலுக்கு விடுவார்களாம், அதற்குப் பெயர் ஜிங். முறை யாருக்கு என்று கேட்டேன். முதலில் குடியேறின பெரிய வீடுகளுக்குத்தான் தண்ணீரில் உரிமை, மற்றவர்கள் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும் என்றார். குளிர்காலத்தில் பனி சரியாக விழாத வருஷம் பச்சைப்பட்டாணி பாதிதான் என்றார். சண்டை வருமா? சிரித்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்போதுதான் அவர் அந்த மோட்டாரைக் காட்டினார். சாணி அடுக்கி வைத்திருந்த அறை மூலையில், அரை ஹெச்.பி. மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒட்டினது. சிங்கிள் ஃபேஸ். தங்க வருகிறவர்கள் குளியலறை கேட்கிறார்கள் என்று தொட்டியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்ற வாங்கினது. ஒரு வருஷம் ஓடியது, அடுத்த கோடையில் போட்டதும் உம் என்று உறுமிப் புகைந்து நின்றுவிட்டதாம். காஜாவில் பழுது பார்க்க ஆள் இல்லை.

திறந்தேன். காயில் கரி. நம் ஊரில் காயில் எரிய நாலு காரணம்தான், லோ வோல்டேஜ், ஒரு ஃபேஸ் போவது, பேரிங் ஜாம், போரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது. இதில் கெபாசிட்டர் நன்றாக இருந்தது, பேரிங் கையால் சுற்றினால் வழவழ என்று சுற்றியது. பம்ப் பக்கத்தைக் கழற்றினதும் புரிந்தது. கேசிங், அதாவது பம்பின் வெளிக்கூடு, உள்பக்கம் மயிர்க்கோடாக விரிசல், தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லர் ஒரு பக்கம் தேய்ந்து இழுபட்டிருந்தது. குளிர்காலத்தில் உள்ளே தண்ணீரோடு விட்டுவிட்டார்கள். தண்ணீர் உறைந்து பருத்துக் கேசிங்கை நெரித்திருக்கிறது. கோடையில் சுவிட்சைப் போட்டதும் ரோட்டர் சுற்ற முடியாமல் முட்டி, காயில் வெந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் சாகும். இங்கே தண்ணீரை உள்ளே விட்டால் சாகும். முப்பது வருஷத் தொழிலில் பனியால் செத்த மோட்டாரை முதன்முதலாகக் கையில் பிடித்தேன்.

"பேசாம வைங்க மச்சான். மூச்சு விடவே தெம்பில்ல, அஞ்சு கிலோ இரும்பைத் தூக்கப் போறீங்களா?"

தூக்கினேன். ஸ்பிதி போனவர்கள் கம்பளி, சால்வை வாங்கி வருவார்கள். நான் எரிந்த ஸ்டேட்டரை, காயில் கட்டியிருக்கிற பாகத்தை, துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கேசிங், இம்பெல்லர் அளவைத் தீப்பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டேன்.

திரும்பினது மறு வழியில், லோசர், குன்சும் கணவாய். சந்திரதாலில் ஒரு ராத்திரி கூடாரம். ஏரிக்கரையில் கூடாரம் போட விட மாட்டார்கள், ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளித்தான். நல்லதுதான். அங்கே நான் அதிகம் சுற்றவில்லை, குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் கிடந்தேன். அந்த வழி குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும், அக்டோபர் தாண்டினால் நம்ப முடியாது. கின்னோர் வழிதான் வருஷத்தில் பெரும்பகுதி திறந்திருக்கும். கடைசியில் அடல் சுரங்கம், 9 கிலோமீட்டர். லாஹௌல் பக்கம் உள்ளே நுழையும்போது காய்ந்த வெயில். பத்து நிமிஷத்தில் மணாலி பக்கம் வெளியே வந்தால் மழை, தேவதாரு, ஈர மண் வாசனை. ஆரியங்காவுக் கணவாயில் பஸ்ஸில் தூங்கி விழித்த மாதிரி இருந்தது. பிக்கப்பில் வந்த வடநாட்டுப் பையன்கள் விசிலடித்தார்கள். எனக்கு என்னவோ அந்தப் பச்சை கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்தேன். காயில் உட்காருகிற பள்ளம், 24 ஸ்லாட். பழைய கம்பியை வெட்டி டர்ன்ஸ், அதாவது சுற்று, எண்ணினேன். அங்கே லைன் கடைசி, வோல்டேஜ் தள்ளாடும், காற்றும் லேசு. அதனால் ஸ்லாட்டில் இடம் பார்த்துக் கம்பியை ஒரு கேஜ் கனமாகப் போட்டேன், டர்ன்ஸைக் கொஞ்சம் குறைத்தேன், வார்னிஷ் ரெண்டு தடவை ஊற்றிக் காயவைத்தேன். கம்பெனிக்காரன் கேட்டலாக்கில் 1,000 மீட்டர் என்றுதான் போடுவான், மீதி 3,400 மீட்டருக்கு நான்தான் பொறுப்பு. கீழவெளி வீதியில் அலைந்து கேசிங்கும் இம்பெல்லரும் வாங்கிச் சேர்த்தேன். மாப்ளயை உட்கார வைத்து இந்தியில் ஒரு அட்டை எழுத வைத்தேன். பனி வருவதற்கு முன்னால் அடியில் இருக்கிற பிளக்கைக் கழற்றித் தண்ணீர் முழுசையும் வடித்துவிடவும். அதை மோட்டார் கழுத்தில் கம்பியால் கட்டினேன்.

பார்சல் போட்டு ஒரு மாசம் ஆகிறது. காஜா போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போனில் காட்டுகிறது, அதற்குமேல் அசையவில்லை. லாங்சா நம்பர் கிடைக்கவே இல்லை. நேற்று சமணர் மலையில் மாப்ளயிடம் கேட்டேன்.

"பனி விழுந்து ரோடு அடைச்சிருக்கும் மச்சான். இனி அழகர் ஆத்துல எறங்குற நேரத்துக்குத்தான் பிரிப்பாங்க."